தினமும் போரூர்–பெருங்குடி, மாதம் ஒருமுறை கும்பகோணம்: 350 சிசி பைக் போதுமா, 400 சிசி வேண்டுமா?

கேள்வி: 5 அக்டோபர் 2025

"அக்கா, ஏழு வருஷமா 125 சிசி வண்டிதான் ஓட்டுறேன். தினமும் போரூரிலிருந்து பெருங்குடி, போக வர 40 கிலோமீட்டர். மாசம் ஒரு தடவை கும்பகோணம், ஒரு பக்கம் 300 கிலோமீட்டர் வரும். சில தடவை தனியா, சில தடவை மனைவியும் கூட வருவாங்க. மூணு வயசுல பொண்ணு இருக்கா. வரி குறைஞ்சிருக்கு, 350 எடுன்னு ஒரு கூட்டம். ஹைவேயில 350 திணறும், 400 எடுன்னு இன்னொரு கூட்டம். என் உயரம் 5 அடி 5 அங்குலம். நீங்க அந்த ரோட்டுல போய் வர்றவங்க, நீங்களே சொல்லுங்க."

5 அக்டோபர், இரவு

350 போதும், தம்பி.

நான் ஓட்டுவது ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350. 2022 டிசம்பரில் எடுத்தது, 38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வீடு ராமாபுரம், அலுவலகம் வேளச்சேரி, அம்மா வீடு திருப்பனந்தாள். உங்கள் ரோடுதான் என் ரோடும். கும்பகோணத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் இறங்கிவிடுவேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

400 சிசி வண்டிகளில் 40 குதிரைத்திறன் என்று போட்டிருப்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது எஞ்சின் நிமிடத்துக்கு 8000 சுற்று சுற்றும்போது வருவது. ஊருக்குள் நமக்கு வேண்டியது இழுவை (டார்க், நியூட்டன் மீட்டரில் அளப்பது), அதுவும் கீழ்ச்சுற்றில். ராயல் என்ஃபீல்டின் ஹண்டர், கிளாசிக், மீட்டியார் மூன்றிலும் ஒரே 349 சிசி எஞ்சின்தான்: 27 நியூட்டன் மீட்டர், 4000 சுற்றில். ஹோண்டா ஹைனெஸ் சிபி350 இன்னும் ஒரு படி மேல்: 30 நியூட்டன் மீட்டர், அதுவும் 3000 சுற்றிலேயே. ட்ரையம்ப் ஸ்பீடு 400-ல் 37.5 வருகிறது, ஆனால் 6500 சுற்றில். கத்திப்பாராவில் ஊர்ந்து போகும்போது எந்த எஞ்சினும் 6500 சுற்றில் இருக்காது.

இன்னொன்று. மத்திய அரசின் 2018 அறிவிப்புப்படி நடுத்தடுப்பு உள்ள நாலு வழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு உச்ச வேகம் 80, மற்ற சாலைகளில் 60. அந்த 80-ல் என் வண்டி நாள் முழுக்க அலுக்காமல் ஓடுகிறது. 100-ல் கால் வைக்கும் இடம் நடுங்க ஆரம்பிக்கும். 100-ல் போக வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை.

6 அக்டோபர்

வரி பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். கணக்கு இதுதான். செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. 350-க்கு மேலே போனால் 40. முன்பு செஸ் என்ற கூடுதல் வரி சேர்த்து 31 இருந்தது. ஆக, வரிக்கு முன் இரண்டு லட்ச ரூபாய் மதிப்புள்ள இரண்டு வண்டிகளை எடுத்துக்கொண்டால், ஒன்று 349 சிசி, இன்னொன்று 398 சிசி என்றால், வரியில் மட்டும் 44,000 ரூபாய் வித்தியாசம். 49 சிசிக்கு 44,000. முன்பு இதே வித்தியாசம் 6,000 ரூபாய்தான்.

தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஆயுள் வரி 12 சதவீதம். அது இரண்டுக்கும் பொது.

6 அக்டோபர், சற்று நேரம் கழித்து

இன்ஷூரன்ஸை விட்டுவிட்டேன். புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 150-க்கு மேல் 350 சிசி வரை 7,365 ரூபாய். 350 தாண்டினால் 15,117. இதற்கு மேல் வரி வேறு. 350 சிசி என்ற இந்த எல்லையை நினைவில் வைத்துக்கொண்டு ஷோரூமில் ஆன்ரோடு விலையை வரிவரியாக எழுதி வாங்குங்கள். மொத்தத் தொகையை மட்டும் வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

9 அக்டோபர்

இன்று காலை ஒரு வேலை செய்தேன். போரூர் சிக்னலில் ஆரம்பித்துக் கத்திப்பாரா ஏறும் வரை எத்தனை முறை கிளட்ச் பிடிக்கிறேன் என்று எண்ணினேன். மெட்ரோ தூண் வேலைக்காகப் பல இடத்தில் ரோடு பாதியாகிவிட்டது, பட் ரோடு பக்கம் பேருந்தும் மண் லாரியும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. 112 முறை. அதாவது பாதித் தூரம்கூட முடியவில்லை. சாயங்காலமும் இதே கதைதான். முழுத் தூரத்துக்கும், போக வர, மாதம் 22 நாள் வேலை என்று வைத்தால் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது.

வண்டி வாங்கப் போகிறவர்கள் குதிரைத்திறனைப் பற்றி அவ்வளவு கேட்கிறார்கள். கிளட்ச் எவ்வளவு கனம் என்று ஒருவரும் கேட்பதில்லை. என் இடது கைக் கட்டைவிரலின் அடிப்பகுதி இரண்டாவது வருடத்தில் வலிக்க ஆரம்பித்தது. லீவரை மேலும் கீழும் திருகி, மணிக்கட்டு நேராக வரும்படி வைத்த பிறகுதான் வலி விட்டது. ஹண்டரில் கிளட்ச் கனம் என்பதை ஒரு குறையாகவே எழுதிவிடுகிறேன்.

10 அக்டோபர்

திருத்தம். நேற்று நான் சொன்னது 2022 மாடலுக்குத்தான் பொருந்தும். 2025 ஏப்ரலில் வந்த ஹண்டரில் லீவரை லேசாக்கும் ஸ்லிப் அசிஸ்ட் கிளட்ச் கொடுத்திருக்கிறார்கள் என்று வேலூரிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருந்தார். மதியம் போய்ப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு விரல் போதும். பின் ஸ்பிரிங்கையும் மாற்றியிருக்கிறார்கள், தரை இடைவெளி 10 மில்லிமீட்டர் கூடி 160 ஆகியிருக்கிறது. ராமாபுரத்தின் ஸ்பீடு பிரேக்கர்களில் அடி உரசும் எனக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

விலை குறைந்த ரெட்ரோ மாடலை மட்டும் எடுக்காதீர்கள். ஸ்போக் வீல், ட்யூப் டயர், பின்னால் டிரம் பிரேக், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) முன்சக்கரத்துக்கு மட்டும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது சரி. வடலூர் தாண்டி ராத்திரி எட்டு மணிக்கு ட்யூப் டயர் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும், கடை திறந்திருக்கவும் வேண்டும். ட்யூப்லெஸ் என்றால் ஆணியைப் பிடுங்கித் திரி சொருகிக் காற்று அடித்து நீங்களே கிளம்பிவிடலாம். நான் இரண்டு முறை செய்திருக்கிறேன்.

14 அக்டோபர்

"அந்தக் காலத்து புல்லட்டில் இல்லாததா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன், ஏனென்றால் நான் கியர் வண்டி பழகியதே என் சித்தப்பாவின் புல்லட்டில்தான். 1980-களின் வண்டி, திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்தது. அங்கே 1956-லிருந்து புல்லட் வந்துகொண்டிருந்தது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே.

ஸ்டார்ட் செய்வதைச் சித்தப்பா ஒரு பூஜை மாதிரி சொல்லிக்கொடுப்பார். கிக்கரை மெதுவாக மிதி. ஆம்மீட்டர் முள் ஆடி நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்து. எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரை அழுத்திக்கொண்டு இன்னும் ஒரு துளி இறக்கு. லீவரை விடு. இப்போது முழு உடம்பையும் போட்டு மிதி. பதினேழு வயதில் என் எடை 44 கிலோ. உடம்பைப் போட்டாலும் அது கிளம்பாது. ஒரு நாள் கிளம்பியது. வைக்கோல் போரிலிருந்து கோழிகள் எல்லாம் சிதறி ஓடின. சித்தப்பா திண்ணையிலிருந்து எழுந்து நின்று கை தட்டினார். எனக்கு வண்டி மேல் வந்த பிரியம் அன்றைக்கு வந்தது.

ஆனால் தினமும் நூற்றுக்கணக்கான முறை கிளட்ச் பிடிக்க அந்த வண்டியை யாருக்கும் சொல்ல மாட்டேன். சித்தப்பாவே வயதான பிறகு 100 சிசி வண்டிக்கு மாறிவிட்டார். புல்லட்டை ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடைத்து எடுப்பார்.

22 அக்டோபர்

தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பிவிட்டேன். முதல் நாள் எழுதியதை மாற்ற வேண்டியிருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வழக்கமாக நான் தனியாகப் போவேன். இந்த முறை கணவரும் பின்னால் வந்தார். அவருக்கு வண்டி ஓட்டப் பிடிக்காது, பின்னால் உட்காரப் பிடிக்கும். எடை 84 கிலோ. நான் 58. துணி, இனிப்புப் பெட்டி, இரண்டு மழைக்கோட்டு என்று 15 கிலோ. வண்டி 181. மொத்தம் 338 கிலோ. இதை 20 குதிரைத்திறன் இழுக்கிறது.

விக்கிரவாண்டி வரை ஒரு குறையும் இல்லை. நாலு வழி, 75-லும் 80-லும் போனோம். சுங்கச்சாவடியில் இடது ஓரச் சந்தில் புகுந்து வெளியே வந்தால் போதும், நமக்குக் கட்டணமும் கிடையாது. விக்கிரவாண்டியில் கும்பகோணம் ரோட்டில் திரும்பியதும் கதை மாறுகிறது. சேத்தியாத்தோப்பு வரை நாலு வழி வேலை இன்னும் முடியாமல், ஒரு இடத்தில் புது ரோடு, ஒரு இடத்தில் பழைய ரோடு, நடுவில் மண் மாற்றுப்பாதை என்று போகிறது.

பண்ருட்டி தாண்டி ஒரு சவுக்குக் கட்டை லாரி முன்னால் போனது. கட்டைகள் லாரிக்கு வெளியே ஆறேழு அடி நீட்டிக்கொண்டிருந்தன, நுனியில் ஒரு சிவப்புத் துணி. லாரி 45-ல் போகிறது. கட்டையின் பட்டை உதிர்ந்து என் ஹெல்மெட் கண்ணாடியில் விழுகிறது. எதிர்ப்பக்கம் தெளிவாகத் தெரிந்தது, ஒரு பேருந்து வெகு தூரத்தில். மூன்றாவது கியருக்கு இறக்கி முறுக்கினேன். தனியாகப் போகும்போது லாரியின் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை நாலைந்து நொடியில் முடிந்துவிடும். அன்று முடியவில்லை. லாரிக்காரரும் அதே நேரம் வேகம் கூட்டினார். லாரியின் நடுவில் இருக்கிறேன், பேருந்து பெரிதாகிக்கொண்டே வருகிறது, எஞ்சின் கத்துகிறது, முள் 60-லிருந்து 65-க்கு ஏற மறுக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டு, பிரேக் பிடித்து, மறுபடி லாரியின் பின்னாலேயே ஒதுங்கினேன். கணவர் என் தோளில் வைத்திருந்த கையை எடுக்கவே இல்லை. வடலூர் டீக்கடையில் இறங்கும் வரை இருவரும் பேசவில்லை.

ஆபத்தில்லாமல் திரும்ப முடிந்தது. ஆனால் முதல் நாள் நான் எழுதியதில் ஒரு ஓட்டை இருக்கிறது. உச்ச வேகம் 80 போதும் என்று சொன்னேன். அது சரி. 50-லிருந்து 80-க்கு எத்தனை நொடியில், எவ்வளவு எடையோடு போக வேண்டும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. ஏனென்றால் நான் எப்போதும் தனியாகப் போயிருக்கிறேன்.

ஆகவே பதிலை இப்படி மாற்றுகிறேன்: தனியாகப் போகிறவருக்கு 350. எப்போதும் இரண்டு பேராகப் போகிறவருக்கு, அதுவும் இரண்டு வழிச் சாலையில், 400-ஐ நிச்சயம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல வேண்டும்.

22 அக்டோபர், இரவு

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. சேத்தியாத்தோப்பிலிருந்து சோழபுரம் வரை 50 கி.மீ. நாலு வழி இப்போது திறந்திருக்கிறது, ஜூலையில்தான் பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்தப் பக்கம் போனதும் லாரியை முந்துவது என்ற பேச்சே இல்லை, வலது தடத்தில் போய்விடலாம். முன்பெல்லாம் அணைக்கரையில் கீழணை மேலேயே ஊர்ந்து கொள்ளிடத்தைத் தாண்டுவோம். 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை அது, ஒரு பேருந்து வந்தால் இன்னொன்று நிற்கும். அங்கே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். புது ரோட்டில் அது கிடையாது.

விக்கிரவாண்டி–சேத்தியாத்தோப்பு துண்டும் முடிந்துவிட்டால் 350-க்கும் 400-க்கும் இந்த வழித்தடத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வண்டியைப் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் கணக்கில் சேருங்கள்.

23 அக்டோபர்

தம்பி, நேற்றே எழுத நினைத்தேன். உங்கள் பொண்ணைப் பற்றி.

நாலு வயதுக்குட்பட்ட பிள்ளையை இருசக்கர வாகனத்தில் கூட்டிப் போனால் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் ஹெல்மெட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்று 2022-ல் விதி வந்திருக்கிறது. 40-ல் 300 கி.மீ. என்றால் நாள் முழுக்க ஆகும். விதியை விடுங்கள். மூன்று வயதுப் பிள்ளை தூங்கிவிடும். தூங்கும் பிள்ளையை இரண்டு பேருக்கு நடுவில் வைத்துக்கொண்டு அந்தச் சவுக்கு லாரியின் பின்னால் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. குழந்தையோடு போகும் மாதங்களில் உழவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறுங்கள். ராத்திரி ஏறினால் விடியும்போது கும்பகோணம். இதற்கு எந்த வண்டியும் மாற்று இல்லை.

2 நவம்பர்

ஸ்பீடு 400 ஓட்டிவிட்டேன். அலுவலகத் தோழி ஒருத்தி தன் வண்டியை இரண்டு நாளுக்குக் கொடுத்தாள், பதிலுக்கு என் ஹண்டரை எடுத்துப் போனாள். சனிக்கிழமை தனியாகத் திண்டிவனம் வரை. ஞாயிற்றுக்கிழமை கணவரோடு ஈசிஆரில் மரக்காணம் வரை.

சீட் உயரம் 790 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு எட்டுகிறது. எடை ஹண்டரைவிடச் சற்றுக் குறைவு. பார்க்கிங்கில் பின்னால் தள்ளும்போது அது தெரிகிறது. கியர் ஆறு.

கணவர் பின்னால் இருக்கும்போது 50-லிருந்து முறுக்கிப் பார்த்தேன். ஒரு தடவை முறுக்கியதும் புரிந்துவிட்டது. பண்ருட்டியில் பாதியில் திரும்பி ஒதுங்கினேனே, அந்த இடத்தை இது மூச்சு விடாமல் முடித்திருக்கும். நாலாவது கியரிலேயே போதும், கியர் இறக்க வேண்டியதில்லை. 80-க்கு வந்ததும் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு ஓரத்துக்கு வரலாம். எனக்கு இந்த வண்டியிடம் வேண்டியது அந்த ஐந்தாறு நொடிதான். 140-ல் போவதற்கு நான் யாருக்கும் 400 சொல்லவில்லை.

ஊருக்குள் வேறு கதை. 20 கி.மீ. வேகத்தில் ஹண்டர் மூன்றாவது கியரில் தூங்கிக்கொண்டே போகும். இதில் மூன்றில் விட்டால் செயின் அடிக்கிறது, இரண்டுக்கு இறக்க வேண்டும். கிளட்ச் மெத்து. ஆனால் கிண்டியில் பதினைந்து நிமிடம் நின்றபோது விசிறி ஓட ஆரம்பித்து வலது காலில் வெந்நீர் ஒற்றடம் மாதிரி சூடு. நவம்பரிலேயே இப்படி என்றால் மே மாதம் எப்படி இருக்கும்? பெட்ரோல் எனக்கு லிட்டருக்கு 29 கொடுத்தது. ஹண்டர் ஊருக்குள் 33, ஹைவேயில் 37.

சர்வீஸ் இடைவெளி ஸ்பீடு 400-க்கு 16,000 கி.மீ. அல்லது ஒரு வருடம். என் வண்டிக்கு ஐயாயிரத்துக்கு ஒருமுறை போய் நிற்க வேண்டும். வேலை நாளில் விடுப்பு எடுத்துச் சர்வீஸ் விடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

3 நவம்பர்

கணவரின் தீர்ப்பு கேட்டீர்கள். "வேகம் நல்லா இருக்கு. சீட்டு ஒரு மணி நேரத்துக்குத்தான்." ஹண்டரின் பின்சீட்டுக்கும் அவர் இதையேதான் சொல்லியிருக்கிறார்.

16 நவம்பர்

டெஸ்ட் ரைடு போகிறவர்கள் ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அதில் ஒன்றும் தெரியாது. பின்னால் யார் உட்காரப் போகிறாரோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். போக்குவரத்து இல்லாத நேரம் கேட்காதீர்கள், சாயங்காலம் ஆறு மணிக்குக் கேளுங்கள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, எஞ்சினை அணைத்து, சரிவில் பின்னால் தள்ளிப் பாருங்கள். யூ டர்ன் ஒன்று, காலை ஊன்றாமல். பின்னால் ஆளோடு 40-லிருந்து 60-க்கு ஒருமுறை. இவ்வளவு செய்ய இருபது நிமிடம் ஆகும். கொடுக்க மாட்டோம் என்றால் வேறு ஷோரூமுக்குப் போங்கள்.

ஹைனெஸ் பற்றி அதிகம் எழுதாதது என் தவறு. 15 லிட்டர் டேங்க், மென்மையான எஞ்சின், எடை ஹண்டர் அளவுதான். சீட் 800 மில்லிமீட்டர், தம்பியின் உயரத்துக்குச் சிக்கல் இல்லை. ஷோரூம் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டியார்: கால் முன்னால் நீட்டி உட்காரும் வண்டி, பள்ளத்தில் அடி நேராக முதுகுத்தண்டில் இறங்கும், 191 கிலோ. எனக்கு ஒத்துவரவில்லை.

ஹிமாலயன் 450, இன்டர்செப்டர் 650 கேட்டவர்களுக்கு: இரண்டும் நல்ல வண்டிகள். முதலாவதன் சீட் 825 மில்லிமீட்டர், எனக்கு எட்டாது. இரண்டாவது 200 கிலோவுக்கு மேல், பட் ரோட்டில் தினமும் அதைத் தாங்கிப் பிடிக்க என் முழங்கால் சம்மதிக்காது. இரண்டுக்கும் 40 சதவீத வரி.

4 டிசம்பர்

மூன்று நாள் மழை. வேளச்சேரி உட்தெருக்களில் முழங்கால் தண்ணீர். இந்த இழையில் யாரும் மழையைப் பற்றிக் கேட்கவில்லை, சென்னையில் வண்டி வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது அது.

சைலன்சர் வாய் மூழ்கும் அளவு தண்ணீர் என்றால் எந்த 350-யும் எந்த 400-உம் போகக் கூடாது. திரும்பிவிடுங்கள். உள்ளே போய் அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளிக்கொண்டு வாருங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரு ஸ்டார்ட்டில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு வரும்போது 181 கிலோவும் 200 கிலோவும் ஒன்றல்ல என்று தெரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நான் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கிறேன்.

வெளியே வந்ததும் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே நூறு மீட்டர் ஓட்டுங்கள், டிஸ்க் காயும். வீட்டுக்கு வந்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். மறுநாள் என்று விட்டால் செந்துரு பிடிக்கும்.

21 டிசம்பர்

செயினைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வந்தது. என் வண்டி 20,000 கி.மீ. ஓடியபோது நடந்தது. ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டு எடுத்து நேராக ஊருக்குக் கிளம்பினேன். செங்கல்பட்டு தாண்டியதும் பின்சக்கரத்திலிருந்து ஒரு முனகல். நிறுத்திக் கை வைத்துப் பார்த்தால் செயின் வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக இருந்தது. ஆளில்லாமல் நிற்கும் வண்டியில் இழுத்துக் கட்டிவிட்டார்கள். நான் ஏறி உட்கார்ந்ததும் இன்னும் இறுகிவிட்டது. மேல்மருவத்தூரில் ஒரு மெக்கானிக் பின் ஆக்சிலைத் தளர்த்திச் சரி செய்தார். அதற்குள் பின் ஸ்ப்ராக்கெட் பேரிங் போய்விட்டது, பிறகு மாற்ற வேண்டியதாயிற்று. சர்வீஸ் சென்டரில் கேட்டபோது, ரோடு அப்படி என்றார்கள். எனக்கு இன்றும் கோபம்தான்.

அன்றிலிருந்து சர்வீஸ் முடிந்து எடுக்கும்போது நானே குனிந்து பார்ப்பேன். செயினின் நடுவில் ஒரு விரலை வைத்து மேலும் கீழும் தள்ளினால் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள், ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. சரியான அளவு வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கும்.

11 ஜனவரி 2026

தம்பி வண்டி எடுத்துவிட்டார். நேற்று படம் அனுப்பியிருந்தார். மீட்டியார் 350. நான் ஒரே வரியில் தள்ளிவிட்ட வண்டி.

நடந்தது இதுதான். நான் சொன்னபடி சாயங்காலம் ஆறு மணிக்கு மனைவியோடு போயிருக்கிறார். மனைவி ஹண்டரில் உட்கார்ந்தார், ஹைனெஸில் உட்கார்ந்தார், ஸ்பீடு 400-ல் ஏறி உடனே இறங்கிவிட்டாராம். மீட்டியாரில் முதுகுக்குச் சாய்மானம் இருந்தது. பதினைந்து நிமிடம் போய் வந்து, "கும்பகோணம் வரைக்கும்னா இதுல வர்றேன், மத்ததுலன்னா ட்ரெயின்ல வர்றேன்" என்று சொல்லிவிட்டார். குழந்தை வரும் மாதங்களில் எப்படியும் உழவன்தான் என்றும் முடிவாகிவிட்டது.

நான் எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். மீட்டியாரை என் முதுகுக்கும் என் கால் நீளத்துக்கும் மட்டும் வைத்து அளந்துவிட்டேன். சீட் உயரம் 765, இந்தக் கூட்டத்திலேயே குறைவு. 15 லிட்டர் டேங்க். 2025 செப்டம்பர் மாடலில் இதற்கும் லேசான கிளட்ச் வந்துவிட்டது. அலாய் வீல், ட்யூப்லெஸ். வரி 18 சதவீதம். பின்னால் உட்காருகிறவர் மனம் நிறைந்து உட்காரும் வண்டி. 50-லிருந்து 80-க்கு அதுவும் என் ஹண்டர் மாதிரிதான் மெதுவாக ஏறும், அதைத் தம்பியிடம் போனில் இரண்டு முறை சொன்னேன். பண்ருட்டிப் பக்கம் இருவராகப் போனால் லாரியின் பின்னாலேயே போங்கள், அடுத்த நாலு வழித் துண்டு வரும் வரை காத்திருங்கள் என்றேன். சரி அக்கா என்றார்.

நான் ஸ்பீடு 400-க்கு முன்பணம் கட்டியிருக்கிறேன். கணவர் எப்போதும் கூட வருவதாகச் சொல்லிவிட்டார், பின்சீட்டுக்கு மேலே போட ஒரு ஜெல் மெத்தை அவரே பார்த்து வைத்திருக்கிறார். ஹண்டரை விற்கவில்லை. தங்கை கேட்டிருக்கிறாள், பொங்கலுக்கு வந்து எடுத்துப் போகிறாள்.

13 ஜனவரி

தம்பிக்கு: பொங்கலுக்குக் கிளம்பும் முன் பின் டயர் காற்றைப் பாருங்கள். இருவராகப் போனால் எவ்வளவு வேண்டும் என்று புத்தகத்தில் தனியாகப் போட்டிருப்பார்கள், ஷோரூமில் ஒருவருக்கான அளவுதான் அடித்திருப்பார்கள். 500 கி.மீ. ஆகும் வரை ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருக வேண்டாம். முதல் சர்வீஸ் அங்கேதான் வரும், கும்பகோணம் போய்த் திரும்பும்போது 600-ஐத் தொட்டுவிடும். அதனால் இந்த ஒரு முறை தனியாக, வழியில் டீ குடித்துக்கொண்டு போய் வாருங்கள், அல்லது முன்கூட்டியே சர்வீஸ் முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.